சாகாத சிப்பாய்: நாவல் எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

சாகாவரம் பெற்ற போர்வீரனைப் பற்றித் தொடங்கும் நாவல்கள் பெரும்பாலும் ஐந்தாறு அத்தியாயங்களுக்குள் படுத்துவிடுகின்றன. அவன் சாக மாட்டான் என்று தெரிந்துவிட்ட பிறகு, எதிரே எத்தனை பீரங்கி நின்றாலும் வாசகருக்குப் பதற்றம் வராது. ஆகவே உயிரைத் தவிர வேறு எதையாவது அவன் இழக்கக்கூடியவனாக இருக்க வேண்டும். அது என்ன, எந்த ஆண்டில், யார் கையால் பறிபோகிறது என்று கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நாவல் முடியும். கீழே வருவது அந்தக் கணக்கைப் போடும் முறை.

பொதுவாகச் சொன்னால் கைக்கு உதவாது. ஒரே ஓர் உதாரணத்தைக் கடைசிவரை பிடித்துக்கொள்வோம்: 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சுடப்பட்டு, சாகாமல் எழுந்துவிடும் ஒரு சிப்பாய்.

ஆளையும் இடத்தையும் தேர்வது

தமிழில் இந்தக் கதையை யோசிக்கிற பலரும் முதலில் சோழர் படைக்குத்தான் போவார்கள். 1025இல் கடாரம் போன கப்பலில் ஒருவன், ஆயிரம் ஆண்டு வாழ்க்கை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த வீரன் காலையில் என்ன சாப்பிட்டான், மேலாளிடம் எப்படி எதிர்த்துப் பேசினான், சம்பளம் வராத மாதம் யாரிடம் கடன் வாங்கினான் என்பதற்குக் கல்வெட்டில் விடை தேடினால் கிடைப்பது மிகக் கொஞ்சம். மீதியை இட்டுக்கட்டவேண்டி வரும். ஆயிரம் ஆண்டுக்கும் இட்டுக்கட்டினால் எல்லா நூற்றாண்டும் ஒரே நூற்றாண்டு போலத் தெரியும். 1806 முதல் 2026 வரையான 220 ஆண்டு என்பது கையாளக்கூடிய நீளம். கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, எல்லாவற்றையும் எழுதிவைத்தது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் சென்னை மாகாண ராணுவத்தின் தாள்கள் இருக்கின்றன. கோட்டையே இன்றும் அகழியோடு நிற்கிறது. நடந்து அளந்துவிட்டு வரலாம்.

வேலூரைத் தேர்வதற்கு இன்னொரு காரணம், அந்த நிகழ்ச்சியின் உள்ளேயே நாவலுக்கு வேண்டியது இருப்பது. 1805 நவம்பரில் தலைமைத் தளபதி ஜான் கிரடாக் புதிய உடை விதிகளைக் கொண்டுவந்தார். நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது, வட்டத் தொப்பியைப் போன்ற புதுத் தலைப்பாகையில் தோல் குஞ்சம். எதிர்த்தவர்களுக்குக் கசையடி. கோட்டைக்குள் இருந்த அரண்மனையில் திப்பு சுல்தானின் பிள்ளைகள் காவலில் இருந்தார்கள். ஜூலை 10 நள்ளிரவு தாண்டிச் சிப்பாய்கள் எழுந்தார்கள். 69ஆவது ரெஜிமென்ட்டின் வெள்ளைச் சிப்பாய்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மைசூர்க் கொடி ஏறியது. ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததும் எல்லாம் தலைகீழானது. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் 100 சிப்பாய்களை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். நம் ஆள் அந்த வரிசையில் நிற்கட்டும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். விசாரணைக்குப் பின் ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள். கலகம் செய்த பட்டாளங்களைக் கலைத்து, அவற்றின் எண்களையே ராணுவப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். அதாவது, சாகாத ஒருவன் பிழைத்திருக்கிறான். அவன் சேர்ந்திருந்த பட்டாளம் செத்துவிட்டது. அதோடு, பீரங்கி வாயில் கட்டினால் தனக்கு என்ன ஆகும் என்ற கேள்வி அவனுக்கு ஆயுள் முழுக்க இருக்கும். அவன் அதைச் சோதித்துப் பார்க்க மாட்டான். நீங்களும் விடை சொல்லக் கூடாது.

உடலின் விதிகள்

எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில் பத்து வாக்கியங்களுக்குள் உடலின் விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நாவலின் கடைசிக் காற்பகுதியில் புதிதாக ஒரு விதியும் நுழையக் கூடாது. இந்த வகை நாவல்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான்: முடிவு கைக்கு வராதபோது திடீரென்று ஒரு மூலிகையோ சாமியாரோ வந்து வரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போவார்.

நம் சிப்பாய்க்கு ஒரு மாதிரி விதித்தாள். வயது 25இல் நிற்கிறது. முடியும் நகமும் வளரும். இல்லையென்றால் தாடி மழிக்கச் சொன்ன உத்தரவுக்கே பொருள் இல்லாமல் போகும். காயம் ஆறும், ஆனால் மற்ற மனிதனுக்கு எத்தனை நாள் ஆகுமோ அத்தனை நாள் ஆகும். தொடை எலும்பு முறிந்தால் மூன்று மாதம் படுக்கைதான். இதில் சலுகை காட்டாதீர்கள். நொடியில் ஆறும் புண் ஒரு முறை வியப்பூட்டும், இரண்டாம் முறை சலிப்பூட்டும். வலி முழுசாக உண்டு. காய்ச்சல் வரும், கொல்லாது. பசிக்கும், மெலிவான், சாக மாட்டான்.

பல்லை மறந்துவிடுவார்கள். தேய்ந்த பல் மறுபடி வளராது என்றால் அறுபது, எழுபது ஆண்டுகளில் அவன் ஈறோடு நிற்பான். 2026இல் இளைஞன் முகத்தில் பல் இருக்காது. எனவே விழுந்த பல் ஓர் ஆண்டில் முளைக்கும் என்று எழுதிக்கொள்ளுங்கள். இது சின்ன விஷயமில்லை. அந்தக் காலத் துப்பாக்கிக்குக் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். முன்பல் இல்லாதவன் காலாட்படைக்கு உதவ மாட்டான். 15 ஆண்டு பணி செய்த சிப்பாயின் வாயில் எல்லாப் பல்லும் புதுசாக இருப்பதை ஒரு ஹவில்தார் கவனிக்கிற காட்சி, பத்துப் பக்கச் சண்டைக் காட்சியைவிட அதிகம் வேலை செய்யும்.

குண்டு எங்கே போனது? அன்றைய ஈயக் குண்டு 30 கிராமுக்குச் சற்று மேல், கோலி உருண்டை அளவு. உடம்புக்குள் தங்கிவிட்டதாக வைத்தால் இடத்தைக் கவனமாகத் தேருங்கள். மூட்டுக்குள் தங்கினால் ஈயம் மெல்லக் கரைந்து உடலில் விஷமாகும். தொடைச் சதையில் தங்கினால் சுற்றிலும் நார்த்திசு மூடி அப்படியே கிடக்கும். தொடையே நல்லது. 2020களில் ஒரு பைக் விபத்து, ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே. படத்தில் உருண்டையாக ஒரு வெள்ளைப் புள்ளி. பணியில் இருக்கும் இளம் டாக்டர் என்ன கேட்பார், இவன் என்ன சொல்வான் என்று எழுதிப் பாருங்கள். 1806இல் வைத்த குண்டு 200 ஆண்டு கழித்து வெடிக்கும் இடம் அது.

நினைவுக்கும் விதி வேண்டும். 220 ஆண்டை எந்த மூளையும் வரிசையாக வைத்திருக்காது. முதல் 25 ஆண்டும் கடைசி 30 ஆண்டும் தெளிவு. நடுவில் உள்ளது திட்டுத்திட்டாக. அம்மாவின் குரல் நினைவிருக்கும், முகம் போய்விட்டிருக்கும். இந்த விதி நாவலின் அமைப்பையும் தீர்மானித்துவிடுகிறது. நடு நூற்றாண்டுகளை நிரப்ப வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை, ஏனென்றால் அவனுக்கே அவை முழுசாக இல்லை.

இது ஏன் நடந்தது என்ற கேள்வி வரும். தமிழ் வாசகர் மனத்தில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள்: சாபத்தால் சாகாமல் புண்ணோடு அலையும் அசுவத்தாமன், நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்த அதியமான். ஒன்று தண்டனை, இன்னொன்று துறப்பு. இவர்களை உங்கள் பாத்திரங்கள் வாயால் விளக்க வைக்காதீர்கள். ஆனால் உங்கள் கதை எந்தப் பக்கம் சாய்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பரிந்துரை: காரணத்தை நாவல் சொல்லவே வேண்டாம், அவன் மட்டும் ஊகித்துக்கொண்டே இருக்கட்டும். 1806இல் அது குலதெய்வத்தின் காவல். 1870களில், ஏதோ சாமியார் கொடுத்த, ஆயுளை நீட்டும் கற்ப மருந்து. இன்று, ரத்தத்தில் ஏதோ மாற்றம். காலம் மாற மாற அவன் நம்பிக்கை மாறுவதே வரலாறாகப் படிக்கக் கிடைக்கும்.

காகிதம்தான் எதிரி

சிப்பாய்க்கு எதிரி யார்? 1806க்குப் பிறகு வெள்ளைக்காரன் இல்லை. அவன் வயதை எழுதிவைக்கிற ஒவ்வொரு தாளும்தான்.

கணக்கு இதோ. உடம்பு 25. ஓர் ஊருக்குப் புதிதாகப் போகும்போது 20 என்று சொல்லலாம். தாடி, மொட்டை, தலைப்பாகை என்று ஒப்பேற்றினாலும் 36க்கு மேல் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆக, ஒரு பெயரில் 16 ஆண்டு. 220ஐ 16ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 14 வாழ்க்கை. இந்தப் பதினான்கையும் ஓர் அட்டவணையில் போடுங்கள்: தொடங்கும் ஆண்டு, சொல்லும் வயது, பெயர், தகப்பன் பெயர், ஊர், தொழில், உண்மை தெரிந்தவர் யார், கிளம்பும்போது விட்டுவிட்டு வந்தது என்ன. கடைசிக் கட்டத்தை நிரப்புவதுதான் கடினம். நாவல் அங்கேதான் இருக்கிறது. பதினான்கில் ஐந்தை மட்டும்தான் எழுதப்போகிறீர்கள். மற்ற ஒன்பதும் அட்டவணையிலேயே இருக்கும், ஆனால் இருக்க வேண்டும்.

பெயருக்கு நம் ஊர் வழக்கமே வழி தருகிறது. பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது இயல்பு. கருப்பன் மகன் முத்து ஊரைவிட்டுப் போகிறான். இருபது ஆண்டு கழித்து முத்து மகன் கருப்பன் என்று ஒருவன் வருகிறான். அதற்கடுத்து மறுபடி கருப்பன் மகன் முத்து. இரண்டே பெயரை மாற்றி மாற்றி வைத்து ஒரு குடும்பத்தையே ஒருவன் நடத்திவிடலாம். சாயல் இருந்தால், அப்படியே அவங்க அப்பன் மூஞ்சி என்று ஊரே வியக்கும். பிள்ளை வளர்ந்ததை யாரும் பார்க்கவில்லையே என்றால், தாய்மாமன் வீட்டில் வளர்ந்தான் என்று சொல்லலாம். இது எங்கே உடையும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஊர் நிலக் கணக்கை எழுதிவந்த கர்ணம் பரம்பரைப் பதவி. எந்த வீட்டில் எந்தத் தலைமுறையில் யார் என்பது அவர் குடும்பத்துக்கு மனப்பாடம். 1980இல் அந்தப் பதவி ஒழிக்கப்படும்வரை, சாகாதவனுக்குக் கிராமத்தில் மிகவும் ஆபத்தான மனிதர் கர்ணம்தான். கர்ணத்தின் மகனும் அதே கர்ணம் என்பதால் இங்கேயும் ஒரு தொடர்ச்சி கிடைக்கிறது. இரண்டு தலைமுறைக் கர்ணங்கள், ஒரே சந்தேகம்.

நாள் சொல்வதிலும் ஒரு வசதி உண்டு. அந்தக் கால மனிதர் 1876 என்று சொல்ல மாட்டார்; தாது வருஷம் என்பார். தாது வருஷம் 1876இல் வந்தது, 1936இல் வந்தது, 1996இல் வந்தது. தாது வருஷத்தில் பிறந்தேன் என்று அவன் சொல்வதைக் கேட்பவர் தமக்குப் பொருத்தமான 60ஐக் கூட்டிக்கொள்வார். கலகம் நடந்தது அட்சய வருஷம், ஆனி மாதக் கடைசி. அதே அட்சய 1866, 1926, 1986 என்று திரும்பி வந்தது. பாகங்களுக்கு ஆண்டு எண் போடாமல் வருஷப் பெயர் மட்டும் போட்டால், எந்தச் சுற்று என்று வாசகர் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். நல்ல உழைப்பு அது, கொடுக்கலாம்.

இனி, காலம் போகப் போக இந்தத் தப்பித்தல் எப்படிச் சுருங்குகிறது என்று பாருங்கள். 1871இல் மாகாணத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வருகிறது. நிலையான ஊர் இல்லாமல் அலைகிறவர் மீதெல்லாம் போலீஸ் கண். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரேஷன் அட்டை. பிறகு பள்ளிச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், 1993 முதல் வாக்காளர் அடையாள அட்டை. 2010இல் ஆதார். கைரேகையும் கருவிழியும் ஒரு முறை பதிந்துவிட்டால் அதே உடம்புக்கு இரண்டாவது பெயர் கிடையாது. 2010இல் வயது 20 என்று சொல்லிப் பதிந்திருந்தால் 2026இல் அவனுக்கு 36. வழக்கமாகக் கிளம்பிவிடும் வயது. இந்த முறை கிளம்ப வழியில்லை. நாவலின் நிகழ்காலத்தை அந்த ஆண்டில் வையுங்கள். வில்லன் தேவையில்லை, துரத்தும் ரகசிய அமைப்பு தேவையில்லை. அடுத்த நான்கைந்து ஆண்டுக்குள் வங்கியிலோ பாஸ்போர்ட் அலுவலகத்திலோ யாராவது நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஒளிய இடமில்லாமல் இல்லை. திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் காவி கட்டி உட்கார்ந்தவனிடம் யாரும் வயது கேட்பதில்லை. அதை ஒரு வாழ்க்கைக்கு மட்டும் பயன்படுத்துங்கள், பாதி நாவலை அங்கே கொட்டிவிடாதீர்கள். துறவியாகிவிட்டால் அவன் இழக்க எதுவும் இல்லாமல் போகும்.

போரை எவ்வளவு எழுதுவது

வேலூரை முழுசாக எழுதுங்கள். பிறகு ஒரே ஒரு போர். 1824 மே மாதம் ரங்கூனில் இறங்கிய படையில் சென்னைச் சிப்பாய்கள் இருந்தார்கள். மழைக்காலம் முழுக்கச் சேற்றில் நோயால் செத்தவர்கள் சண்டையில் செத்தவர்களைவிட அதிகம். வேறு பெயரில் அவன் மறுபடி பட்டாளத்தில் சேர்கிறான், ஏனென்றால் அவனுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். சுற்றிலும் கூட்டாளிகள் வயிற்றுப்போக்கில் விழ, இவன் மட்டும் ஒவ்வொரு முறையும் எழுகிறான். அதைக் கண்டு முதலில் அதிர்ஷ்டக்காரன் என்பார்கள், பிறகு அவன் பக்கத்தில் படுக்க மறுப்பார்கள். சாவு தன்னை விட்டுவிட்டு அடுத்தவனை எடுக்கிறது என்று நம்பத் தொடங்குகிற இடம் இது. சாக முடியாதவன் முன்னால் நின்று குண்டு வாங்குவதில் வீரம் என்ன இருக்கிறது என்ற கேள்வியும் இங்கேதான் எழ வேண்டும். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். அவன் முன்னால் நின்றதால் பின்னால் வந்த ஒரு பையன் துணிந்து ஓடிவந்து செத்துப்போகட்டும்.

அதற்கு மேல் போர் வேண்டாம். 1857, 1914, 1942, 1971 என்று எல்லாப் போருக்கும் அவனை அனுப்பினால் சுற்றுலா வழிகாட்டியாகிவிடுவான். அதே காரணத்துக்காகப் பெரிய மனிதர்களையும் தவிருங்கள். கட்டபொம்மன் குடும்பத்துக்குத் தண்ணீர் கொடுத்தான், பாரதியைப் பார்த்தான், காந்தி கூட்டத்தில் நின்றான் என்பதெல்லாம் எழுதும்போது கை பரபரக்கும். படிக்கும்போது நம்பிக்கை போய்விடும். சாதாரண மனிதன் 200 ஆண்டு வாழ்ந்தாலும் வரலாற்று நாயகர்கள் யாரையும் பார்க்காமலேயே போகலாம்.

துப்பாக்கிச் சண்டையை எழுதும்போது கையின் வேலையைச் சரியாக எழுதுங்கள். தோட்டாவை எடுத்து, காகிதத்தைக் கடித்துக் கிழித்து, கொஞ்சம் வெடிமருந்தைத் துப்பாக்கியின் கிண்ணியில் போட்டு மூடி, மீதி மருந்தையும் குண்டையும் காகிதத்தோடு குழலில் இறக்கி, கம்பியால் இடித்து, கம்பியை மறுபடி அதன் இடத்தில் செருகி, குறிபார்த்துச் சுட வேண்டும். பழகியவனுக்கு நிமிடத்துக்கு இரண்டு அல்லது மூன்று குண்டு. துப்பாக்கியின் எடை நாலரைக் கிலோவை ஒட்டி. நூறு கெஜத்துக்கு அப்பால் ஒரு ஆளைக் குறிவைத்து அடிப்பது குருட்டு யோகம். கடிக்கும்போது மருந்து நாக்கில் ஒட்டி உப்புக் கரிக்கும், தாகம் எடுக்கும், உதடு கறுக்கும். ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு புகையில் எதிரே யார் என்று தெரியாது. மழையில் மருந்து நனைந்தால் வெறும் டிக் சத்தம்தான். ரங்கூனில் இது மிகவும் உதவும்.

பஞ்சம்

மூன்றாவது வாழ்க்கையாக, தாது வருஷப் பஞ்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 1876 முதல் 1878 வரை. இந்த நாவலில் மிகக் கனமான பகுதி இதுவாக இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. பஞ்ச நிவாரண வேலையாகப் பக்கிங்ஹாம் கால்வாயை வெட்டினார்கள். 1877இல் இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம், கூடவே ஓரணா. சாப்பிடாவிட்டாலும் சாகாத ஒருவன் அந்த வரிசையில் நிற்கிறான். அவனுக்கும் பசி எல்லாரையும் போலத்தான் எரிகிறது. அவன் வாங்கும் 450 கிராம், வாங்கினால்தான் உயிரோடு இருக்கக்கூடிய இன்னொருவருடையது. வாங்காமல் விட்டால் என்றைக்கும் முடியாத பட்டினி. இரண்டில் எதைச் செய்தாலும் அவனுக்குத் தாங்காது. தினமும் கொடுத்துவிடுகிறான் என்று எழுதினால் தியாகியாகிவிடுவான். தினமும் தின்கிறான் என்று எழுதினால் வாசகர் கைவிட்டுவிடுவார். சில நாள் கொடுக்கிறான், சில நாள் தின்கிறான், தின்ற நாள் ஒன்றில் பக்கத்துப் பாயில் ஒரு குழந்தை இறக்கிறது. தேதி போட்டு, அளவு போட்டு, உரிச்சொல் இல்லாமல் எழுதுங்கள். இந்தப் பகுதியில் ஒரு உவமைகூட வேண்டாம்.

மகள்

காதலியை மறுபிறவியில் சந்திப்பது என்ற யோசனை கட்டாயம் வரும். விட்டுவிடுங்கள். சாவே கிடையாது என்ற விதியோடு செத்தவர் திரும்பி வருவார் என்ற விதியையும் சேர்த்தால் எந்த இழப்பும் இழப்பாக இருக்காது.

மகளை எழுதுங்கள். 1950இல் பிறந்தவள். 1966இல், அவளுக்குப் 16 வயதில், கணக்குப்படி அவன் கிளம்ப வேண்டியவன், காணாமல் போகிறான். அவளுக்கு 45 வயதாகும்போது ஒரு பஸ் நிலையத்தில் தன் அப்பாவைப் பார்க்கிறாள். அன்றைக்கு இருந்த அதே முகம், அவள் மகனைவிடக் கொஞ்சம்தான் பெரியவன். அவள் அறைவதா, அழுவதா, ஆளை மாற்றிப் பார்த்துவிட்டோம் என்று நடந்துவிடுவதா? மூன்றையும் தனித்தனி வரைவாக எழுதிப் பார்த்துவிட்டு ஒன்றைத் தேருங்கள்.

2026இல் அவளுக்கு 76. ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அக்கம்பக்கத்துக்கு அவர்கள் பாட்டியும் பேரனும். வாசலில் அவள் அவனை "டேய் ராசா" என்று கூப்பிடுவாள், அவன் "வரேன் பாட்டி" என்பான். கதவைச் சாத்தியதும் அவள் "அப்பா, மாத்திரை எங்கப்பா வெச்சே?" என்பாள், அவன் "மேல் அலமாரியில இருக்கு கண்ணு" என்பான். இந்த மாற்றத்தைக் கதைசொல்லி விளக்கவே வேண்டாம். கதவு திறப்பதும் மூடுவதும் மட்டும் சரியாக இருந்தால் வாசகர் பிடித்துக்கொள்வார். பிறகு ஒருநாள், வயதின் மறதியில், வாசலில் நான்கு பேர் இருக்கும்போது அவள் அப்பா என்று கூப்பிடுவாள். உயிருக்குப் பயப்படாதவன் பயப்படுகிற காட்சி அது.

மொழியும் நாழிகையும்

கதைசொல்லியின் நடை இன்றைய தமிழாகவே இருக்கட்டும். 1806 பேச்சை அப்படியே எழுத முயன்றால் யாராலும் படிக்க முடியாது; அதற்காக அன்றைய சிப்பாய் "ஐந்து நிமிடத்தில் வருகிறேன்" என்றும் சொல்லக் கூடாது. நேரத்துக்கு நாழிகையும் ஜாமமும். ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு ஜாமம் மூன்று மணி நேரம். தூரத்துக்குக் காதம், எடைக்குப் பலமும் வீசையும், தானியத்துக்குப் படியும் மரக்காலும். காசுக்கு அன்றைய சென்னைக் கணக்கில் 42 பணம் ஒரு வராகன். 1818க்குப் பிறகு ரூபாய். பட்டாளத்தில் சிப்பாய், நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார் என்று ஏறும் வரிசை. கவாத்து, பாரா, தோட்டா, கூடாரம் போன்ற சொற்கள் நம் பேச்சிலேயே இருக்கின்றன, பழசாக்கிக் காட்ட வேறு முயற்சி தேவையில்லை. சென்னைச் சிப்பாய்களின் குடும்பங்கள் பட்டாளத்தோடேயே ஊர் ஊராகப் போயின என்பதை மறக்காதீர்கள். முகாமில் குழந்தை அழுகையும் அடுப்புப் புகையும் இருக்கும்.

தீக்குச்சி 1806இல் கிடையாது, சக்கிமுக்கிக் கல்தான். சாம்பாரில் தக்காளி போட்டுவிடாதீர்கள். ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுவரை வந்தது, ஆற்காட்டுக்குப் பக்கத்தில். அதற்கு முன் ஆற்காட்டுக்கும் சென்னைக்கும் நடையும் வண்டியும் குதிரையும்தான். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் அன்று பூஜை இல்லை, மூர்த்தி இல்லை; 1981இல்தான் மறுபடி பிரதிஷ்டை நடந்தது. சாமி இல்லாத கோயிலின் மண்டபத்தை இரண்டு காலத்திலும் பார்த்தவன் உங்களிடம் இருக்கிறான்.

நிலவையும் கணக்கிடலாம். 1806 ஜூன் 16 அன்று முழுச் சூரிய கிரகணம் நடந்தது. ஆக அன்று அமாவாசை. அங்கிருந்து 24 நாள் கழித்து ஜூலை 10. அடுத்த அமாவாசைக்கு ஐந்தாறு நாள்தான் பாக்கி. தேய்பிறை, தசமியை ஒட்டிய கீற்று நிலா, நள்ளிரவு தாண்டித்தான் எழும். கலகம் தொடங்கும்போது முழுநிலா காய்ந்தது என்று எழுதிவிட்டால், கணக்குத் தெரிந்த ஒரு வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

பழைய பேச்சு அவன் வாயிலிருந்து எப்போது கசிய வேண்டும்? காய்ச்சலில், கோபத்தில், மகளைத் தூங்கவைக்கும்போது. ஒரு அத்தியாயத்துக்கு ஒன்று அல்லது இரண்டு சொல் போதும்.

அளவும் வரிசையும்

90,000 சொல் என்று வைத்துக்கொண்டால் வேலூருக்கு 28,000, ரங்கூனுக்கு 12,000, பஞ்சத்துக்கு 18,000, மகளின் குழந்தைப் பருவத்துக்கு 10,000, நிகழ்காலத்துக்கு 22,000. சமமாகப் பிரிக்காதீர்கள். முதல் வாழ்க்கை நீளமாக இருந்தால்தான் பின்னால் அவன் மறப்பது வாசகருக்கு உறைக்கும். அவன் மறந்த பெயரை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். அதற்காக, வேலூர்ப் பகுதியில் ஒரு கூட்டாளிக்குப் பெயர், ஊர், ஒரு பழக்கம் மூன்றையும் அழுத்தமாகக் கொடுங்கள். நிகழ்காலப் பகுதியில் அந்தப் பழக்கம் மட்டும் அவனிடம் ஒட்டியிருக்கும், யாரிடமிருந்து வந்தது என்பது போயிருக்கும்.

பாகங்களுக்கு இடையில் 50 ஆண்டு தாண்டும்போது, நடுவில் என்ன ஆனது என்று சுருக்கிச் சொல்லும் பத்தியைத் தவிருங்கள். புதிய பாகத்தின் முதல் பக்கத்தில் அவன் கையில் இருக்கும் ஒரு பொருளை மாற்றினாலே போதும். எழுதும் வரிசை வேறு: முதலில் பஞ்சம், பிறகு மகள், பிறகு வேலூர். கடினமான பகுதி கைக்கு வந்துவிட்டால் மற்றது தானாக வரும். வேலூரிலிருந்து தொடங்குகிறவர்கள் ஆராய்ச்சியிலேயே ஆண்டுகளைக் கழித்துவிடுகிறார்கள்.

முடிவைப் பொறுத்தவரை, அவனைச் சாகடிப்பது விதியை மீறும். உலகத்துக்குத் தன்னை வெளிப்படுத்துவது வேறொரு நாவலைத் தொடங்கும். மகளின் ஈமச்சடங்கில் கொள்ளி வைக்க வேண்டியவன் யார் என்ற இடத்தில் இந்தக் கதை இயல்பாக முட்டி நிற்கும். ஊர் கண்ணுக்குப் பேரன், கொள்ளி வைக்கலாம். உண்மையில் தகப்பன். மயானத்தில் வெட்டியான் கேட்கும் உறவுமுறைக்கும், நகராட்சியில் இறப்புப் பதிவுக்குக் கேட்கும் ஆதார் எண்ணுக்கும் அவன் பதில் சொல்லியாக வேண்டும். பொய் சொல்கிறானா, முதல் முறையாக உண்மையைச் சொல்கிறானா என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். இரண்டுக்கும் தேவையான எல்லாமே அதற்கு முன்னாலேயே கதைக்குள் வந்திருக்க வேண்டும்.

முதல் வரைவு முடிந்ததும் இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவருக்கு அட்டவணையும் சேர்த்து. அவர் தேதி, வயது, காயம், பெயர் மட்டும் பார்க்கட்டும். மற்றவருக்கு எதுவும் சொல்லாமல். இரண்டாமவர் எந்தப் பக்கத்தில் "இவனுக்கு எதற்கு இத்தனை கவலை?" என்று கேட்கிறாரோ, அங்கிருந்து பத்துப் பக்கம் பின்னால் போய்ப் பாருங்கள். அவன் இழக்கக்கூடிய ஒன்றை அங்கே நீங்கள் வைக்காமல் விட்டிருப்பீர்கள்.